ஒத்தை ஆள் சுமை

கடைப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. (வேற என்ன காரணம் சொல்லப் போறேன்!) இந்தத் தடவை கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒண்ணு போட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மேட்டூர் அணையோட நீர்த்தேக்கக் கரையில, பண்ணவாடி பரிசல்துறையில நின்னுட்டிருந்தோம். நாங்கன்னா நானும், என்கூட பெங்களூர்ல பொட்டி தட்டுற நண்பனும். எங்க வண்டி கூரை மேல பச்சைக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் படகு. மீன் பிடிக்கறதுக்குன்னே செஞ்ச கயாக். ஒரு பரிசல்காரப் பெரியவர் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்தார். கயாக்கைத் தட்டிப் பாத்தார். அப்புறம் கேட்டார்:

"ஏந்தம்பி, இதை ஒத்தை ஆளு தூக்குவானா?"

"இல்லைங்கய்யா. 42 கிலோ. ரெண்டு பேர் வேணும்."

"அப்ப தனியா வந்தா என்ன பண்ணுவ?"

என்கிட்ட பதில் இல்ல. அவர் கரையில கவுத்துப் போட்டிருந்த பரிசலோட விளிம்பைப் பிடிச்சு ஒரு தூக்கு தூக்கி, ஆமை ஓடு மாதிரி முதுகு மேல கவுத்துக்கிட்டு தண்ணிப் பக்கம் நடந்து போயிட்டார். பின்னாடி இருந்து பாத்தா ஒரு பெரிய கருப்புக் கூடைக்குக் கீழ ரெண்டு கால் மட்டும் நடந்து போற மாதிரி இருந்துச்சு.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. ஒரு படகு எப்படி மிதக்குதுன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. தரையில அதை யார் தூக்கிட்டுப் போறாங்க? யோசிச்சுப் பாத்தா, படகோட வரலாறுல பாதி அதுலதான் இருக்கு.

*

முதல்ல எங்க கதையைச் சுருக்கமா சொல்லிடறேன்.

நண்பன் ரெண்டு கயாக் வாங்கினான். செகண்ட் ஹேண்ட். ஒவ்வொண்ணும் 12 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 3.8 மீட்டர். பெங்களூர்ல வச்சு எங்க மிதக்க விடறது? "உங்க ஊர்ப் பக்கம்தான் காவேரி இருக்கே, மேட்டூர் போலாம்டா"ன்னான். ரெண்டையும் வண்டி கேரியர்ல கவுத்துப் போட்டு, பெல்ட் போட்டு இறுக்கி, காலையில அஞ்சு மணிக்கு கிளம்பிட்டோம்.

ஓசூர் தாண்டினதும் 'வ்வ்வ்ரூம்'னு ஒரு சத்தம். பெல்ட் காத்துல அதிருது. (பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினா இந்தச் சத்தம் வராதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.) கிருஷ்ணகிரி கிட்ட வரும்போது முன் முனை மெல்ல மேல எழும்பி எழும்பி உக்காருது. ஒரு தாபாவுல ஓரங்கட்டிட்டு, வாழ்க்கையில முதல் தடவையா வண்டியோட மேனுவலை எடுத்துப் படிச்சோம். கூரை தாங்கற எடை 75 கிலோன்னு போட்டிருந்தது. எங்க சுமை 84 கிலோ. கேரியர் கம்பிங்களோட எடை தனி. ரெண்டு இஞ்சினியர் சேர்ந்து செஞ்ச வேலை இது. வெளிய சொல்லிடாதீங்க.

எடை மட்டும் பிரச்சினை இல்ல. காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 80ல போறதுக்குப் பதிலா 100ல போனா, கூரை மேல இருக்கற சுமையைக் காத்து தள்ற விசை ஒண்ணரை மடங்குக்கும் மேல. அதோட சுமை உச்சியில உக்காந்திருக்கறதால வண்டியோட ஈர்ப்பு மையமும் மேல ஏறிடும். நேர் ரோட்டுல ஒண்ணும் தெரியாது, வளைவுலதான் தெரியும். எங்களுக்கு முன்னாடி இருந்தது தொப்பூர் கணவாய். இறக்கமும் வளைவுமா எத்தனை வண்டிகளைச் சாய்ச்ச இடம்னு சேலம், தர்மபுரிக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

மாமாவுக்கு போன் போட்டேன். அம்மாவோட தம்பி. நாமக்கல்ல லாரி ஓட்டறார், இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். அன்னைக்கு ஓசூர்ல லோடு இறக்கிட்டு காலி வண்டியா எங்களுக்குப் பின்னாடி வந்துட்டிருந்தார். "மாப்ள, நின்ன எடத்துலயே நில்லு. கணவாய்க்குள்ள எறங்கிடாத"ன்னார். ஒரு மணி நேரத்துல வந்து சேந்தார். கிளீனர் தம்பியும் அவருமா ஒரு கயாக்கை அலேக்காத் தூக்கி லாரிக்குள்ள போட்டுட்டாங்க. அது நேரா நாமக்கல் போயிருச்சு.

மிச்சம் இருந்த ஒண்ணைக் கட்டறதுக்கு மாமா ஒரு பாடம் எடுத்தார் பாருங்க! கயித்துல நடுவுல ஒரு கண்ணி போட்டு, முனையைக் கீழ இருக்கற கொக்கியில விட்டுத் திருப்பி, அந்தக் கண்ணிக்குள்ளயே நுழைச்சு இழுக்கறது. தார்ப்பாய் போட்டு லோடு கட்டற லாரிக்காரங்க தினமும் செய்யற வேலைதான். எனக்கு அது கப்பியாத் தெரிஞ்சுது. உராய்வை விட்டுட்டுக் கணக்குப் போட்டா, நாம ஒரு பங்கு இழுத்தா கயிறு மூணு பங்கு இறுகும். நாலு வருஷம் காலேஜ்ல படிச்சதை மாமா நாலு செகண்ட்ல செஞ்சு காட்டிட்டார். முன் முனையில இருந்து பம்பருக்கு ஒரு கயிறு, பின் முனையில இருந்து ஒண்ணு. "பெல்ட்டு சுமையைப் புடிக்கும், இந்த ரெண்டு கயிறுதான் காத்தைப் புடிக்கும்"னார். ரொம்ப இறுக்கவும் விடல. வெயில்ல பிளாஸ்டிக் இளகி, கட்டின எடத்துல குழி விழுந்துடுமாம்.

இப்படித்தான் ஒத்தைக் கயாக்கோட பண்ணவாடி வந்து சேந்தோம். வந்தப்புறம்தான் அணைக்குள்ள மீன் பிடிக்கற உரிமை லைசென்ஸ் வாங்கின மீனவர்களுக்குத்தான்னு சொன்னாங்க. நியாயம்தானே? ஆக, இருநூறு கிலோமீட்டர் ரோட்டைப் பாத்த படகு ஒரு சொட்டுத் தண்ணியைப் பாக்கல. ஹி ஹி.

*

சொந்தக் கதை போதும், மேட்டருக்கு வருவோம்.

நாம பரிசல்னு சொல்றதைக் கன்னடத்துல ஹரிகோலுன்னும், கிருஷ்ணா, துங்கபத்ரா பக்கம் தெலுங்குல புட்டின்னும் சொல்லுவாங்க. மூங்கில் தப்பையை முடைஞ்சு செஞ்ச பெரிய கூடை. அந்தக் காலத்துல வெளிப்பக்கம் தோல் போத்தியிருப்பாங்க. பின்னாடி பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துச்சு. இப்ப நிறைய இடத்துல ஃபைபர் பரிசலே வந்துருச்சு.

ஏன் வட்டமா இருக்கு? தண்ணியில வேகமாப் போறதுக்கு வட்டம் மாதிரி மோசமான வடிவம் கிடையாது. துடுப்பை ஒரு பக்கம் போட்டா தன்னைத்தானே சுத்தும். ஆனா குறைஞ்ச பொருள்ல அதிக இடம் தர்ற வடிவம் வட்டம்தான். இவ்வளவு பேரை ஏத்தணும், ஆனா எடை இவ்வளவுக்குள்ள இருக்கணும்னு ஒரு நிபந்தனை வச்சா, கணக்கு வட்டத்துலதான் வந்து நிக்கும். அந்த நிபந்தனையை வச்சது தரை. ஆறு இல்ல.

ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல 'ஆத்தைக் கடக்கற படகு' கணக்கு ஞாபகம் இருக்கா? எதுக்குடா இதைப் படிக்கறோம்னு நானும் நினைச்சிருக்கேன். உதாரணத்துக்கு, ஆறு 500 மீட்டர் அகலம். பரிசல் நொடிக்கு அரை மீட்டர் வேகத்துல குறுக்க போகுது. தண்ணி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துல இழுக்குது. அக்கரை சேர 1000 நொடி ஆகும். அதுக்குள்ள பரிசல் ஒரு கிலோமீட்டர் கீழ போயிருக்கும். எதிர்க்கரையில நேர் எதிர்ல இறங்கணும்னா என்ன பண்ணணும்? இந்தக் கரையிலயே ஒரு கிலோமீட்டர் மேல போய் ஏறணும். அந்த ஒரு கிலோமீட்டரும் பரிசல் ஆத்துல போகாது, பரிசல்காரர் தலையிலதான் போகும். திரும்பி வரும்போதும் இதே கதை. வெள்ளம் ஜாஸ்தியானா நடை இன்னும் நீளும்.

இது நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டுல கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோன் பத்தி எழுதும்போது, கேடயம் மாதிரி வட்டமான தோல் படகுகளைச் சொல்றார். வடக்க ஆர்மீனியாவுல செஞ்சு, சரக்கு ஏத்தி, ஆத்தோட போக்குல பாபிலோனுக்கு வருவாங்களாம். ஒவ்வொரு படகுலயும் ஒரு கழுதை! பெரிய படகுன்னா இன்னும் அதிகம். ஊர் வந்ததும் சரக்கை வித்து, மரச் சட்டத்தையும் வித்துட்டு, தோலை மட்டும் கழுதை மேல போட்டு நடந்தே ஊர் திரும்புவாங்களாம். ஆத்தோட இழுப்பை எதிர்த்து மேல போக முடியாது, அதான். போகும்போது படகு கழுதையைச் சுமக்குது, வரும்போது கழுதை படகைச் சுமக்குது. கேரியர் வச்ச முதல் வண்டி அந்தக் கழுதைதான்னு தோணுது :-)

பிரிட்டன்ல வேல்ஸ் ஆறுகள்லயும் இதே மாதிரி கூடைப் படகு உண்டு. மீன் பிடிக்கறவங்க உக்கார்ற பலகையில ஒரு வாரைக் கட்டி, தோள்ல மாட்டி முதுகுல கவுத்துக்கிட்டு நடப்பாங்க. அவங்க மொழியில ஒரு பழமொழியே இருக்கு. ஒரு ஆளோட சுமை எவ்வளவோ, அவ்வளவுதான் அவன் பரிசல்னு அர்த்தம். பண்ணவாடிப் பெரியவர் கேட்டதும் அதேதான்.

சென்னை மாகாண மீன்துறை இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியப் பரிசல்களைப் பத்தி 1933ல தனியா ஒரு கட்டுரையே எழுதினார். 1946ல வந்த அவரோட நீர்ப் போக்குவரத்து நூல்ல ஈராக், தென்னிந்தியா, வேல்ஸ் எல்லாம் பக்கத்துப் பக்கத்துல வருது. அவருக்கு ரொம்ப முன்னாடி, 1520 வாக்குல விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பயஸ், துங்கபத்ராவுல ஓடின தோல் போத்தின கூடைப் படகுகளைப் பாத்துட்டு, பதினஞ்சு இருபது பேர் போகலாம், தேவைப்பட்டா குதிரையும் மாடும்கூட போகும்னு எழுதி வச்சிருக்கார்.

படைக்கும் இது உதவியிருக்கு. 1803ல மராத்தியர்களோட நடந்த போர்ல ஆர்தர் வெல்லஸ்லி (பின்னாடி வாட்டர்லூவுல நெப்போலியனைத் தோக்கடிச்ச அதே வெலிங்டன்) மழைக்காலத்துல படை நடத்தினார். பெருக்கெடுத்து ஓடற கோதாவரியை அவர் படை கடந்தது தோல் போத்தின கூடைப் படகுகள்ல. கப்பல்ல உலகத்தைப் பிடிச்சவங்களுக்கு தக்காணத்து ஆத்தைத் தாண்ட நம்ம ஊர்க் கூடை வேண்டியிருந்துச்சு!

*

இப்ப காவேரிக்கு வர்றேன்.

அம்மாவுக்குப் பொறந்த ஊர் வாங்கல் பக்கம். கரூர் மாவட்டம். கட்டிக் கொடுத்தது மோகனூர் பக்கம், நாமக்கல் மாவட்டம். நடுவுல காவேரி. இப்ப பாலம் இருக்கு, பைக்குல போனா அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. அப்ப பாலம் இல்ல. பஸ்ஸுன்னா பரமத்தி வேலூர் போய் அங்க இருக்கற பாலத்துல சுத்திக்கிட்டுப் போகணும். இல்லைன்னா பரிசல்.

நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஐப்பசி மாசம். அடைமழை. அக்கரையில அப்புச்சிக்கு உடம்பு முடியலைன்னு ராத்திரி எட்டு மணிக்குத் தகவல் வந்திருக்கு. கடைசி பஸ் போயாச்சு. ஊர்ல கார் வச்சிருந்தவர் வெளியூர்ல. பரிசல்காரர் முதல்ல மாட்டேன்னுட்டாராம். தண்ணி அப்படிப் போகுது. அம்மா அங்கயே மணல்ல உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் ஒண்ணும் பேசாம பரிசலைத் தூக்கித் தலையில கவுத்துக்கிட்டு மேக்க நடக்க ஆரம்பிச்சிருக்கார். அப்பா அரிக்கேன் விளக்கோட முன்னாடி, அம்மா பின்னாடி. கரையோரமா, முள்ளுலயும் சேத்துலயும், வழக்கமா ஏர்ற எடத்தைத் தாண்டி ரொம்ப தூரம். "பாதி வழியில, எறக்கி வச்சு நில்லுங்கண்ணான்னு சொன்னேன். எறக்குனா மறுபடி ஏத்த ஆளு வேணும் தாயின்னு நிக்காமலே போனாரு"ன்னு அம்மா சொல்லுவாங்க.

அங்க இருந்து தள்ளி விட்டதும் ஆறு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. அக்கரையில கையில ஒரு டார்ச்சோட பத்து வயசுப் பையன் ஒருத்தன் நின்னுட்டிருந்தான். அந்தப் பையன்தான் இப்ப லாரி ஓட்டற எங்க மாமா. டார்ச் தெரிஞ்ச எடத்துல இருந்து கொஞ்சம் கீழ போய் கரை ஏறினாங்களாம். அப்புச்சி விடியற வரைக்கும் இருந்திருக்கார். அம்மாகிட்ட பேசியிருக்கார்.

இந்தக் கதையைச் சின்ன வயசுல இருந்து நூறு தடவை கேட்டிருக்கேன். தைரியக் கதையாத்தான் கேட்டேன். அந்தப் பெரியவர் கேள்வி கேட்டப்புறம்தான் அதுல எடைக் கணக்கு ஒண்ணு இருக்கறது உறைச்சுது. அந்தப் பரிசல் ரெண்டு ஆள் சுமையா இருந்திருந்தா, அந்த ராத்திரி ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது?

*

பாலம் மட்டும் பரிசலைக் குறைக்கல. ஆறே மாறிப் போச்சு. மேட்டூர் அணை வேலை 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிஞ்சுது. அப்ப சென்னை மாகாண கவர்னரா இருந்த ஸ்டான்லி பேர்லதான் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லின்னு பேரு. 120 அடி, 93.47 டி.எம்.சி. ஓடற ஆறு அங்க ஏரியாச்சு. அதுக்குக் கீழ செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா மின்சாரத்துக்காகக் கதவணைகள் வந்துச்சு. ஒவ்வொரு கதவணைக்குப் பின்னாடியும் தண்ணி தேங்கி நிக்குது. பூலாம்பட்டியில இருந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு மோட்டார் படகுல பைக்கையே ஏத்திக்கிட்டுப் போகலாம். நிக்கற தண்ணியில நேர் எதிர்லயே போய் இறங்கலாம். மேக்க நடக்க வேண்டிய அவசியம் இல்ல. படகு கனமா இருந்தா என்ன, யார் தூக்கப் போறாங்க?

அப்படின்னா மேட்டூர் நீர்த்தேக்கத்து மீனவர்கள் ஏன் இன்னும் பரிசலை விடல? அங்க தண்ணி ஓடல, ஆனா கரை ஓடுது! அணை நிரம்பி இருக்கும்போது தண்ணி ஊரோரம் வரைக்கும் இருக்கும். மட்டம் குறையக் குறையக் கரை உள்ள போய்க்கிட்டே இருக்கும். பண்ணவாடியில தண்ணி வத்தினா, அணை கட்டும்போது முழுகின பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளிய தெரியும். பேப்பர்ல போட்டோ பாத்திருப்பீங்க. அந்த நேரத்துல நேத்து பரிசல் நின்ன எடத்துக்கும் இன்னைக்குத் தண்ணி இருக்கற எடத்துக்கும் நடுவுல சேறும் வெடிச்ச மண்ணும். வண்டி போகாது. அதைத் தாண்டிக் கொண்டுபோகத் தலைதான் வழி.

*

சரி, எங்க பச்சைக் கயாக்கோட வம்சம் எப்படி?

கயாக் வடதுருவத்துப் பக்கம் இருக்கற இனுயிட் மக்களோட படகு. மரம், எலும்புச் சட்டத்து மேல கடல்நாய்த் தோல் இழுத்துத் தைச்சது. ஒருத்தர் உக்காந்து வேட்டைக்குப் போறது, ஒருத்தரே கரையில இருந்து தூக்கிக்கிட்டுப் போறது. கனடாவுல மென்மயிர்த் தோல் வியாபாரம் நடந்த காலத்துல, பூர்ச்ச மரப்பட்டையில செஞ்ச படகுகளை ஆத்துக்கும் ஏரிக்கும் நடுவுல தோள்ல சுமந்தாங்க. சுப்பீரியர் ஏரிக் கரையில கிராண்ட் போர்ட்டேஜ்னு ஒரு நடைபாதை, சுமார் 13.5 கிலோமீட்டர். பெரிய ஏரியில ஓடற 36 அடிப் படகை அதுக்கு மேல கொண்டுபோக மாட்டாங்க. சரக்கை மட்டும் முதுகுல சுமந்து போய், மறுபக்கம் 25 அடிப் படகுக்கு மாறிடுவாங்க. சின்னதைத் தூக்க ரெண்டு பேர் போதும், பெரிசுக்கு நாலு பேராவது வேணும். அங்கேயும் படகோட நீளத்தை முடிவு பண்ணினதுல தோளுக்குப் பங்கு உண்டு.

அப்புறம் ரயில் வந்துச்சு. 1905ல மியூனிக்ல கட்டடக் கலை படிச்சுட்டிருந்த ஆல்ஃப்ரெட் ஹோய்ரிச் மடிச்சு எடுத்துட்டுப் போற கயாக் ஒண்ணைச் செஞ்சார். யோஹான் கிளெப்பர்னு ஒரு தையல்காரர் 1907ல அதைச் செய்யற உரிமையை வாங்கித் தயாரிக்க ஆரம்பிச்சார். பையில மடிச்சு வச்சு ரயில்ல ஏத்தி, ஆத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன்ல இறங்கி விரிச்சுக்கலாம். இந்த மாதிரி ஒரு மடிப்புக் கயாக்குலதான் ஆஸ்கார் ஸ்பெக் 1932ல ஜெர்மனியில இருந்து கிளம்பி, இந்தியா, இலங்கைக் கரையோரமா எல்லாம் வந்து 1939ல ஆஸ்திரேலியாப் பக்கம் போய்ச் சேந்தார். போர் ஆரம்பிச்சிருந்ததால எதிரி நாட்டுக்காரர்னு பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க, பாவம்.

கடைசியா கார். நம்ம மொட்டைமாடியில கருப்புத் தண்ணி டேங்க் இருக்கே, அதைச் செய்யற முறையிலதான் இந்தப் பிளாஸ்டிக் கயாக்கும் செய்யறாங்க. அச்சுக்குள்ள பாலித்தீன் பொடியைப் போட்டு, சுத்திக்கிட்டே சூடு பண்ணினா உள்பக்கம் முழுக்க உருகி ஒட்டிக்கும். மலிவு, பாறையில இடிச்சாலும் உடையாது. ஆனா கனம். அதுக்கு மேல சீட்டு, தூண்டில் தாங்கி, பெட்டின்னு சேத்துக்கிட்டே போனாங்க. தூக்கறது காராச்சே, எவ்வளவு கனமானா என்ன? தோலும் மரமும் இருந்தப்ப ஒத்தை ஆள் சுமையா இருந்தது, கார் கூரைக்கு ஏறினதும் ரெண்டு ஆள் சுமை ஆயிருச்சு. நாங்க கிருஷ்ணகிரியில மாட்டினது இங்கதான்.

*

கனமான படகு தப்புன்னு சொல்ல வரல. 2015 டிசம்பர்ல சென்னை முழுகினப்ப, கடற்கரைக் குப்பத்துல இருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை வண்டியில ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்ததைப் பாத்தோம். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துல அது இன்னும் பெரிய அளவுல நடந்துச்சு. கடலோரத்துல இருந்து படகுகளை லாரியில ஏத்தி, கடலே இல்லாத ஊர்களுக்குக் கொண்டு போனாங்க. 669 படகு, 4,537 மீனவர்கள், 65,000 பேருக்கு மேல மீட்டாங்கன்னு அந்த அரசு கணக்குச் சொல்லுச்சு. மதில் சுவத்துலயும் கேட்டுலயும் மோதி எத்தனையோ படகுங்க அடிபட்டுச்சு. படகு அவங்க சோறு. அதைத்தான் லாரியில ஏத்தி அனுப்பினாங்க.

அந்தப் படகுகளை ஒத்தை ஆள் தூக்க முடியாது. பத்து இருபது பேர் சேர்ந்துதான் லாரியில ஏத்தினாங்க. அங்க ஊரே கரையில இருந்துச்சு. தனியா இருந்தவருக்குப் பரிசல், கூட்டமா இருந்தவங்களுக்கு லாரி. எங்க கயாக்குக்கு ரெண்டும் இல்ல. மாமா அன்னைக்குப் பின்னாடி வராம இருந்திருந்தா நாங்க தாபாவுலயே குடித்தனம் நடத்தியிருக்கணும்.

அன்னைக்கு சாயந்திரம் நாமக்கல் போய்ச் சேந்தோம். மாமா வீட்டு வாசல்ல முதல் கயாக் சுவத்துல சாய்ச்சு வச்சிருந்துச்சு. அம்மாவும் வந்திருந்தாங்க. பெரியவர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அம்மா கிட்டப் போய்க் கயாக்கோட ஒரு முனையை மட்டும் தூக்கிப் பாத்துட்டு வச்சுட்டாங்க.

"அவரு பேரு என்னன்னு கூட நான் கேக்கல"ன்னாங்க.

யாரைச் சொல்றாங்கன்னு மாமாவுக்குப் புரிஞ்சுது. எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

டிஸ்கி 1: கூரையில கயாக் கட்டறவங்களுக்கு: மேனுவல்ல எடையைப் பாருங்க, முன்னும் பின்னும் கயிறு கட்டுங்க, அரை மணிக்கு ஒரு தடவை இறங்கி இழுத்துப் பாருங்க. அனுமதிச்ச அளவைத் தாண்டி சுமை நீட்டிக்கிட்டு இருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 194(1A) பிரிவுல 20,000 ரூபாய் அபராதம். கயாக் வாங்கின காசுல பாதி போயிடும்.

டிஸ்கி 2: உங்க ஊர்ப் பக்கம் பரிசல் போட்டவங்க, பரிசல் முடைஞ்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அவங்ககிட்ட பேரையும் மறக்காம கேட்டு வச்சுக்குங்க.